மும்பை லோக்கல் ரயில்ல மூட்டுவலி அம்மாவையும் குழந்தைங்களையும் கூட்டிட்டுப் போகலாமா?

ஈரோட்டுப் பயணி:

வணக்கமுங்க. அரையாண்டு லீவுல, டிசம்பர் கடைசி வாரம், குடும்பத்தோட மும்பை போறோம். குர்லா எக்ஸ்பிரஸ்ல ஈரோட்டுல ஏறி எல்டிடில, அதாவது லோக்மான்ய திலக் டெர்மினஸ்ல இறங்குறோம். நான், வீட்டம்மா, அம்மா, எட்டாவது படிக்கிற பொண்ணு, ரெண்டாவது படிக்கிற பையன். அம்மாவுக்கு ரெண்டு முட்டியிலும் வலி. சமதரையில நல்லா நடப்பாங்க, படி ஏறக்கூடச் செய்வாங்க, இறங்கறதுதான் பெரும்பாடு. ரூம் அந்தேரி கிழக்குல, மரோல் நாகா மெட்ரோவுக்குப் பக்கத்துல போட்டிருக்கோம்.

பார்க்கணும்னு நினைக்கிறது கேட்வே ஆஃப் இந்தியா, எலிஃபென்டா குகை, சித்திவிநாயகர் கோவில், ஹாஜி அலி தர்கா, மரைன் டிரைவ் கடற்கரை ரோடு. லாட்ஜ்லயே நாள் முழுக்கக் கார் ஏற்பாடு பண்றோம்னு சொல்றாங்க. வாடகையைக் கேட்டா அஞ்சு பேரோட ரயில் டிக்கெட்டையே தாண்டுது. ஆபீஸ்ல ஒருத்தர், "குடும்பத்தோட லோக்கல் பக்கமே போயிராதே, ஏறினா இறங்க வேண்டிய எடத்துல இறங்க முடியாது"ங்கறார். பையனோ லோக்கல் வீடியோவாப் பார்த்துப் பார்த்து, அதுல ஏறலைன்னா மும்பைக்கே வரலைங்கறான்.

எங்க யாருக்கும் இந்தி வராது. பொண்ணு இங்கிலீஷ் நல்லாப் படிக்கும். லோக்கல், மெட்ரோ, பஸ் இதெல்லாம் அம்மாவை வெச்சுக்கிட்டு நடக்கிற காரியமா? அங்க இருக்கறவங்க, போய்ட்டு வந்தவங்க சொன்னா உதவியா இருக்குமுங்க.

கோவை நடையன்:

கார் எடுத்துக்கோங்க சார். நாங்க போனப்ப சாயங்காலம் தாதர்ல லோக்கல் ஏறப் பார்த்தோம். வண்டி வந்து நிக்கறதுக்குள்ள பின்னாடி இருந்து ஒரே தள்ளு. வீட்டம்மா உள்ளே போயிட்டாங்க, நான் பிளாட்பாரத்துலயே நிக்கறேன். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நில்லுன்னு போன்ல சொல்லி, அப்புறம் போய்ச் சேர்ந்துக்கிட்டோம். சின்னப் பையனையும் வயசான அம்மாவையும் வெச்சுக்கிட்டு அந்த ரிஸ்க் வேண்டாம்ங்கறதுதான் என் கருத்து.

மாட்டுங்கா அக்கா:

தம்பி, நான் பொறந்து வளர்ந்தது மாட்டுங்கால. அப்பா திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து பிழைப்புத் தேடி வந்தவர். சர்ச்கேட்ல ஆபீஸ், இருபது வருஷத்துக்கு மேல தினமும் லோக்கல்தான். அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன்.

கோவைக்காரர் சொன்னது அத்தனையும் நிஜம். சாயங்காலம் தாதர்ல குழந்தையோட நிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கே வயித்தைக் கலக்கும். ஆனா அதே தாதருக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க, உக்காந்துட்டுப் போகலாம். இந்த ஊர்ல எந்த வண்டின்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி எந்த நேரம், எந்தத் திசைன்னு யோசிக்கணும். மும்பை வடக்கு தெற்கா நீண்டு கிடக்கிற ஊர். பழைய ஆபீஸ், கோர்ட், பேங்க் எல்லாம் தெக்குக் கோடியில. ஜனம் குடியிருக்கிறது வடக்கால. காலையில எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் கூட்டம் தெக்கே போகும், சாயங்காலம் அஞ்சுல இருந்து ஒன்பது வரைக்கும் வடக்கே திரும்பும். நீங்க தங்கறது வடக்கு, பார்க்கப் போறதெல்லாம் தெக்கு. ஒண்ணும் யோசிக்காமக் கிளம்பினா ரெண்டு வேளையும் அந்தக் கூட்டத்தோட கூட்டமாத்தான் போவீங்க. கார்ல போனாலும் இதேதான், ரோட்டுல நிப்பீங்க.

நல்ல எடமாப் பார்த்து ரூம் போட்டிருக்கீங்க. மரோல் நாகால ரெண்டு மெட்ரோ சந்திக்குது. மேலே பாலத்துல ஓடறது 2014ல வந்த லைன் 1, வெர்சோவாவுல இருந்து அந்தேரி வழியா காட்கோபர் வரைக்கும். கீழே போறது லைன் 3, அக்வா லைன்னு போர்டுல போட்டிருக்கும். 2024 அக்டோபர்ல முதல் பகுதியைத் திறந்தாங்க, 2025 அக்டோபர்ல கஃப் பரேட் வரைக்கும் முழுசா வந்திருச்சு. 33.5 கிலோமீட்டர், 27 ஸ்டேஷன், ஆரே ஒண்ணைத் தவிர எல்லாம் பூமிக்கடியில. சித்திவிநாயகர், சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்), ஹுதாத்மா சௌக், சர்ச்கேட் எல்லாம் அந்த ஒரே வண்டியில வருது. டிக்கெட் தூரத்தைப் பொறுத்து 10 ரூபாய்ல இருந்து 70 வரைக்கும். லிஃப்ட் இருக்கு, கதவு தானா மூடிக்கும், அறிவிப்பு இங்கிலீஷ்லயும் வரும். காலையில தெக்கே போறதுக்கு அம்மாவை இதுல கூட்டிட்டுப் போங்க. ஸ்டேஷன் ஆழமா இருக்கறதால வெளியே வர எஸ்கலேட்டர் ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும். அம்மாவுக்கு எஸ்கலேட்டர் பழக்கம் இல்லைன்னா முதல்லயே லிஃப்ட் எங்கேன்னு காவலுக்கு நிக்கிறவங்களைக் கேட்டுடுங்க.

இனி உங்க பையனோட லோக்கல். கண்டிப்பா ஏத்துங்க. எங்க ஊருக்கு வந்துட்டு அதுல ஏறாமப் போறது எனக்கே மனசு கேக்காது. 1853ல போரி பந்தர்ல இருந்து தானேவுக்கு ஓடின 34 கிலோமீட்டர்தான் நாட்டோட முதல் பயணிகள் ரயில். அந்தத் தடத்துலதான் இன்னிக்கும் எங்க சென்ட்ரல் லைன் வண்டி ஓடுது. பையன்கிட்டச் சொல்லுங்க, சந்தோஷப்படுவான்.

ஆனா வழியில எங்கேயும் ஏறாதீங்க. வண்டி கிளம்பற எடத்துல ஏறுங்க. சர்ச்கேட் கடைசி ஸ்டேஷன், ரோட்டுல இருந்து படியே இல்லாம நேரா பிளாட்பாரத்துக்கு நடந்து போயிடலாம். மத்தியானம் ரெண்டு, மூணு மணிக்குப் போங்க. இண்டிகேட்டர் போர்டுல "அந்தேரி ஸ்லோ"ன்னு வர்ற வண்டி எந்த பிளாட்பாரம்னு பொண்ணைப் பார்க்கச் சொல்லுங்க. ஸ்லோன்னா எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும், முக்கால் மணிக்கு மேல ஆகும். பரவால்ல. அந்தேரியிலேயே முடியற வண்டிங்கறதால எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும், இறங்கறதுக்குள்ள கிளம்பிருமோன்னு பதற வேண்டாம். நடுவுல இருக்கிற ஸ்டேஷன்ல எல்லாம் நிக்கறது அரை நிமிஷத்துக்கும் குறைவுதான், முட்டி வலிக்கிறவங்களுக்கு அதுதான் ஆபத்து. வடக்கே பார்த்துப் போறப்ப இடது பக்க ஜன்னல்ல பையனை உக்கார வைங்க. மரைன் லைன்ஸ் தாண்டினதும் கட்டடங்களுக்கு நடுவால கடல் தெரியும்.

ஸ்டேஷன் பேரை மூணு தடவை சொல்வாங்க. அடுத்த ஸ்டேஷன் தாதர்ங்கறதை மராத்தில "புடீல் ஸ்டேஷன் தாதர்", அப்புறம் இந்தில "அக்லா ஸ்டேஷன் தாதர்", அதுக்கப்புறம் இங்கிலீஷ்ல. அந்தேரில லிஃப்ட், எஸ்கலேட்டர் ரெண்டும் இருக்கு. மேலேயே நடந்து லைன் 1 மெட்ரோவுக்குப் போயிரலாம். அங்கிருந்து நாலாவது ஸ்டேஷன் மரோல் நாகா.

அந்த நேரத்துக்கு எல்லாரும் ஒண்ணா ஜெனரல் பெட்டியில ஏறலாம். வாசல்ல மட்டும் பையன் நிக்கக் கூடாது, சும்மா எட்டிப் பார்க்கறதும் கூடாது. இதுல கொஞ்சங்கூட விட்டுக் கொடுக்காதீங்க. அந்தக் கதவு மூடாது. ஜன்னலுக்குக் கம்பி இருக்கு, காத்து அங்கேயே போதும் போதும்னு அடிக்கும்.

உங்க வீட்டம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒரு தடவையாவது லேடீஸ் கம்பார்ட்மென்ட் பார்க்கச் சந்தர்ப்பம் கிடைக்கட்டும். எல்லா ஊர்ப் பொம்பளைங்களும் அதுல இருப்பாங்க. ஒருத்தி பையில இருந்து கொத்தமல்லிக் கட்டை எடுத்து மடியில பேப்பரை விரிச்சு ஆய ஆரம்பிப்பா. பக்கத்துல இருக்கிறவ கேக்காமலே பாதிக் கட்டை வாங்கிக்குவா. கிளிப்பு, தோடு விக்கிற பொண்ணு வந்து அட்டையை மேலே கம்பியில மாட்டிட்டு நிப்பா. பார்த்து முடிச்சா அட்டை அடுத்த வரிசைக்குக் கை மாறிப் போகும், காசும் அதே மாதிரி திரும்பி வரும். யாராவது உங்க பொண்ணுகிட்ட "கஹாங் உத்தர்னா ஹை?"ன்னு கேப்பாங்க. எங்கே இறங்கறேன்னு கேக்கறாங்க, அந்த சீட்டுக்கு அடுத்த ஆள் அவங்க. "அந்தேரி"ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. மூணு பேர் சீட்டுல நாலாவதா ஒருத்தர் ஓரமா உக்காருவாங்க, கொஞ்சம் நகர்ந்து கொடுக்கணும், அது இங்கத்த வழக்கம். 12 வயசுக்குள்ள பையன் அம்மாகூட அதுல வரலாம். நீங்க ஏறக் கூடாது, ஏறினா ஃபைன்.

மரைன் டிரைவ்ல சூரியன் மறையறதைப் பார்க்கணும்னா டிசம்பர்ல ஆறு மணி வாக்கில ஆயிரும். அன்னிக்கு லோக்கலை மறந்துருங்க. அங்கேயே உக்காந்து காத்து வாங்கிட்டு, எட்டரைக்கு மேல சர்ச்கேட்ல மெட்ரோ ஏறுங்க. ராத்திரி பத்தரை வரைக்கும் வண்டி இருக்கு.

ஞாயித்துக்கிழமை லோக்கல் வேண்டாம். தண்டவாள வேலைக்காக மெகா பிளாக்னு பகல்ல சில மணி நேரம் சில தடத்துல வண்டியை நிறுத்துவாங்க, மீதி வண்டியில எல்லாரும் அடைஞ்சு வருவாங்க.

தாராவிக்காரன்:

அக்கா சொன்னதுக்கு மேல கொஞ்சம் சேர்த்துக்கறேன் அண்ணா.

சர்ச்கேட்ல விரார் ஃபாஸ்ட்னு போட்டிருந்தா பக்கத்துலயே போகாதீங்க, காலியாத் தெரிஞ்சாக்கூட. தூரம் போறவங்க வண்டி அது, கிளம்பறதுக்குள்ள நெருக்கியடிச்சிரும். நடுவுல இறங்கணும்னு வாசலுக்கு நகர்றதே கஷ்டம். கோடு கோடா பெயின்ட் அடிச்ச பெட்டி ஃபர்ஸ்ட் கிளாஸா, லேடீஸான்னு ஏறறதுக்கு முன்னாடி பக்கவாட்டுல எழுதியிருக்கறதைப் படிங்க. ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ஏசி கிடையாது, கூட்டம் மட்டும் கம்மி. செகண்ட் கிளாஸ் டிக்கெட் 5 ரூபாய்ல ஆரம்பம். பாத்துக்கலாம்னு டிக்கெட் வாங்காம ஏறிராதீங்க, டிடிஇ சாதாரண டிரஸ்லகூட வருவாங்க.

ஆட்டோ விஷயம் நம்ம ஊர்க்காரங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். இங்கே மீட்டர் போட்டுத்தான் ஓட்டுவாங்க. முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 26 ரூபாய், 2025 பிப்ரவரியில ஏத்தினது. பேரம் பேச ஆரம்பிக்காதீங்க, மீட்டர்னு மட்டும் சொல்லுங்க. ஆனா ஆட்டோ பாந்திரா, சயான் வரைக்குந்தான். அதுக்குத் தெக்கே கறுப்பு மஞ்சள் டாக்ஸி, அதுக்கு மினிமம் 31. ஹுதாத்மா சௌக்ல இறங்கி கேட்வேக்கு அம்மாவை டாக்ஸில ஏத்துங்க, பக்கந்தான். மத்தவங்க காலா கோடா, மியூசியம் வழியா நடந்தே வந்திரலாம், நல்ல ரோடு.

பெஸ்ட்ங்கற டவுன் பஸ்ல ஒரு சிக்கல். முன்னாடி நம்பர் பெரும்பாலும் தேவநாகரியில இருக்கும். அவங்க ஒண்ணு நம்ம பார்வைக்கு ஒன்பது மாதிரியே தெரியும். வாசல் பக்கம் போட்டிருக்கிற இங்கிலீஷ் நம்பரைப் பார்த்துட்டு ஏறுங்க. பழைய டபுள் டெக்கர் 2023 செப்டம்பரோட நின்னு போச்சு. அதுக்குப் பதிலா ஏசி எலக்ட்ரிக் டபுள் டெக்கர் அதே வருஷம் வந்திருச்சு. சிஎஸ்எம்டில இருந்து நாரிமன் பாயின்ட் பக்கம் போற 115 அப்படித்தான் ஓடுது. மாடியில முன் சீட்டு கிடைச்சா குழந்தைங்களுக்குக் குஷிதான். அம்மா கீழேயே உக்காரட்டும், உள்ளே ஏறற படி குறுகல்.

பாஷை பத்திக் கவலைப்படாதீங்க. மாட்டுங்கா, சயான், செம்பூர், எங்க தாராவி 90 அடி ரோடு, எங்கே நின்னு தமிழ்ல கேட்டாலும் யாராவது பதில் சொல்வாங்க.

ஈரோட்டுப் பயணி:

அக்கா, தம்பி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. எழுதினதை அம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன். "அந்தக் கொத்தமல்லி ஆயற பெட்டியில என்னையும் ஏத்து"ங்கறாங்க.

இன்னும் மூணு கேக்கணும். ஏசி லோக்கல்னு ஒண்ணு இருக்காமே, அம்மாவுக்கு அது சௌகரியமா? எலிஃபென்டாவுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா? எல்டிடில இறங்கி மரோல் நாகாவுக்கும், திரும்பறப்ப அங்கிருந்து எல்டிடிக்கும் பெட்டி படுக்கையோட எப்படிப் போறது? நாலு பெட்டி இருக்குமுங்க.

மாட்டுங்கா அக்கா:

அம்மா கேட்டது ரொம்ப சந்தோஷம். அப்ப அந்தேரி ஸ்லோவுல நீங்க பக்கத்து ஜெனரல் பெட்டியில ஏறிக்கோங்க, பையன் உட்பட அவங்க நாலு பேரும் லேடீஸ்ல போகட்டும். கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போற வண்டிதானே, அந்தேரில இறங்கி பிளாட்பாரத்துலயே சேர்ந்துக்கலாம்.

ஏசி லோக்கல் 2017 டிசம்பர்ல வந்துச்சு. கதவு மூடற வண்டி, பயமில்ல. ஆனா அதுக்குத் தனி டிக்கெட், விலை பல மடங்கு. சாதா டிக்கெட் வெச்சுக்கிட்டு ஏறினா ஃபைன் போடுவாங்க. வண்டியும் எப்பவாவதுதான் வரும், அதுக்காகக் காத்திருக்கறது வேற. டிசம்பர்ல எங்க ஊர் வெயில் உங்க ஈரோட்டு வெயில் முன்னாடி ஒண்ணுமே இல்ல. மத்தியானத்துல சாதா வண்டியே போதும்.

எலிஃபென்டா யோசிச்சுச் செய்யுங்க. கேட்வேல இருந்து படகுல ஒரு மணி நேரம். படகுல ஏறற எடத்துல படி ஈரமா இருக்கும், படகு ஆடிக்கிட்டே இருக்கும், காலைத் தூக்கி வைக்கணும். அங்கே போய் இறங்கினதும் குகைக்கு நிறையப் படி. டோலி தூக்கறவங்க இருக்காங்க, ஆனா திரும்பி வர்றப்ப அதே படகு, அதே ஈரப் படி. அம்மாவையும் இன்னொருத்தரையும் மியூசியத்துல விட்டுட்டு மத்தவங்க போயிட்டு வாங்கன்னுதான் நான் சொல்வேன். அம்மா வந்தே தீருவேன்னா காலையில முதல் படகுகள்லயே போயிருங்க. திங்கக்கிழமை குகைக்கு லீவு.

ஹாஜி அலிக்கு மகாலட்சுமி ஸ்டேஷன்னு எல்லாரும் சொல்வாங்க. பிளாட்பாரத்துக்குப் போகப் பாலத்துல இருந்து படி இறங்கணும், உங்க அம்மாவுக்கு அது வேண்டாம். சித்திவிநாயகர் தரிசனம் முடிச்சு வெளியே வந்ததும் அங்கேயே டாக்ஸி பிடிச்சு ஹாஜி அலிக்குப் போயிருங்க. கடல் ஏறி இருக்கறப்ப தர்காவுக்குப் போற பாதையை அலை மூடிரும், அன்னிக்குக் கடல் எப்ப ஏறும்னு பேப்பர்லயோ போன்லயோ பார்த்துட்டுக் கிளம்புங்க.

எல்டிடி விஷயத்துல நான் மெட்ரோ, லோக்கல் எதையும் சொல்ல மாட்டேன். நாலு பெட்டி, அம்மா, ரெண்டு குழந்தைங்க. பக்கத்துல திலக் நகர் ஸ்டேஷன் இருக்கு, காட்கோபர் போய் மெட்ரோ ஏறலாம்னு மேப் காட்டும். காட்கோபர் ஸ்டேஷன் கூட்டத்துல பெட்டியோட அந்த மெட்ரோ படி ஏறறது உள்ளூர்க்காரங்களுக்கே முடியாது. வாசல்ல ரெண்டு ஆட்டோவோ ஒரு பெரிய டாக்ஸியோ எடுத்துக்கோங்க, லிங்க் ரோடு வழியா போயிரலாம். ஆட்டோன்னா பொண்ணை அம்மாகூட ஒண்ணுல ஏத்துங்க. லாட்ஜ் பேரை இங்கிலீஷ்ல எழுதி அதுகிட்டக் கொடுத்துருங்க, ரெண்டு ஆட்டோவும் சிக்னல்ல பிரிஞ்சிட்டாலும் பொண்ணு சமாளிச்சுக்கும்.

திரும்பற அன்னிக்கு நேரம் இருந்தா, ரூமை விட்டு முன்னாடியே கிளம்பி செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலுக்குப் போயிட்டு எல்டிடிக்குப் போகலாம். எங்க ஆளுங்க திருச்செம்பூர்னுதான் சொல்வாங்க. எல்டிடிக்குப் பக்கம், ஆட்டோ இருக்கற ஏரியா. மேலே சன்னிதிக்குப் படி ஏறணும். அம்மாவுக்கு முடியாட்டி கீழே பெட்டிகளோட ஒருத்தர் துணைக்கு உக்காந்துக்கலாம், மத்தவங்க மாத்தி மாத்திப் போயிட்டு வாங்க.

அப்புறம் சித்திவிநாயகரைச் செவ்வாய்க்கிழமை வெச்சுக்காதீங்க. மும்பையில பாதிப் பேர் அன்னிக்கு அந்த வரிசையிலதான் நிப்பாங்க. புதனோ வியாழனோ, காலையில சீக்கிரமாப் போங்க.